ஏழு ஆண்களுக்கு ஒரே கிண்ணம்

எங்கள் பூங்காவில் சிங்கம் ஒன்று, இயக்குநர்கள் ஆறு பேர். யானை இல்லை. இருந்த ஒரே யானையும் செத்துப்போய், அது நின்ற கொட்டடியைத் தடுத்து, வெள்ளையடித்து, அங்கே திட்டப் பிரிவின் துணை இயக்குநர் உட்கார்ந்திருந்தார். யானை இருந்தவரை பார்க்கக் கூட்டம் வந்தது. இவரைப் பார்க்க மனுவோடு வருகிறவர்கள் மட்டும்தான் வந்தார்கள்.

நான் சிறுவிலங்குக் கூடத்தில் பராமரிப்பு வேலை செய்தவள். பதினோரு வருடம். முயலும் ஆமையும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்த பிறகு என் பொறுப்பில் மிஞ்சியது ஏழு கினிப்பன்றிகள். பன்றி என்று பெயர்தானே தவிர, இரண்டு கைக்குள் அடங்குகிற, வாலில்லாத, உருண்டைப் பிராணி. ஏழும் ஆண். பெட்டையே கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. குட்டி போட்டால் குட்டிக்கு ஒரு பதிவேடு திறக்க வேண்டும், பதிவேடுகளை வைக்க அலமாரி இல்லை, அலமாரி கேட்டு எழுதிய கடிதத்தை வைக்கவும் இடமில்லை.

ஆண் கினிப்பன்றிகளைச் சேர்த்து வைப்பது லேசுப்பட்ட காரியமல்ல. இரண்டு என்றால் பெரும்பாலும் ஒத்துப்போகும். அதிலும் ஒன்று வயதானதும் மற்றது பொடியுமாக இருந்தால் உயிருக்குயிராகிவிடும். மூன்றானால் இரண்டு சேர்ந்துகொண்டு மூன்றாவதை விரட்டும். நாலுக்கு மேல் போனால் தினம் ஒரு ரகளை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதல் வருடம் முழுக்க, இவற்றுக்கு முன்பு இருந்தவற்றிடம் கையில் கடி வாங்கித் தெரிந்துகொண்டேன். ஆளுக்கொரு கிண்ணம் வேண்டும், அதற்கு மேல் ஒன்று உபரியாக வேண்டும். ஆளுக்கொரு மரவீடு வேண்டும், அதிலும் ஒன்று உபரி. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாசல் வேண்டும். ஒரே வாசல் என்றால் உள்ளே இருப்பவன் மாட்டிக்கொள்வான், மாட்டிக்கொண்டவன் கடிப்பான். இடம் தாராளமாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் அதைப்போல் சாது பிராணி உலகத்தில் கிடையாது.

சண்டை வரப்போவது முன்கூட்டியே தெரியும். முதலில் பின்பக்கத்தை மெல்ல ஆட்டி ஆட்டி, அடித்தொண்டையில் மோட்டார் ஓடுவதுபோல் ஒரு சத்தத்தோடு எதிராளியைச் சுற்றி வரும். அப்புறம் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்து பல்லைக் காட்டும். பிறகு பல்லை நறநறவென்று கடிக்கும், பிடரி மயிர் சிலிர்த்து நிற்கும். அதற்கு மேல் வேடிக்கை பார்க்கக் கூடாது. குறுக்கே கையை விட்டால் விரல் போகும். ஒரு பலகையைத்தான் சொருக வேண்டும். ரத்தம் வந்துவிட்டால் அந்த இரண்டையும் அப்புறம் எந்தக் காலத்திலும் சேர்த்து விட முடியாது.

இந்த ஞானம் என் வீட்டுக்கும் பயன்பட்டது. வீட்டில் மாமனார், என் கணவர், கொழுந்தன் என்று மூன்று ஆண்கள். ஜன்னலோரம் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்று. யார் முதலில் எழுந்திருக்கிறார்கள் என்பதுதான் அந்த வீட்டின் அரசியல். கூடத்தில் பாடம் படித்தபின், அதே மாதிரி இன்னும் மூன்று நாற்காலி வாங்கிப் போட்டேன். அன்றோடு சத்தம் அடங்கியது. நாலாவது நாற்காலியில் மடிக்காத துணிதான் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டால் மறுநாளே பழைய கதை தொடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும்.

ஆக, ஏழு பிராணிகளையும் நான்கு தடுப்புகளில் இரண்டிரண்டாக வைத்திருந்தேன். ஓயாமல் விசில் அடிப்பதால் கண்டக்டர் என்று பெயர் வைத்த ஒன்று மட்டும் தனி; யாரோடும் ஒத்துப்போகாது, ஆனால் கம்பி வலை வழியாக எல்லோரோடும் பேசும். முதல் தடுப்பில் பெரியவரும் பொடியனும். பெரியவருக்கு ஆறு வயது, கண் கொஞ்சம் மங்கல். பொடியன் முன்னே போய் உணவைக் கண்டுபிடித்து ஒரு சத்தம் கொடுக்கும், பெரியவர் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போவார். இரண்டும் முதுகோடு முதுகு ஒட்டித்தான் தூங்கும். அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் எனக்கு அன்றைய நாள் நன்றாகப் போகும்.

அந்தச் சமயத்தில் புதிய தலைமை இயக்குநர் வந்தார். வந்த முதல் வாரமே எல்லாக் கூடங்களையும் சுற்றிப் பார்த்தார். என் கூடத்தில் நின்று தடுப்புகளை எண்ணினார், பிராணிகளை எண்ணினார், முகம் வாடிவிட்டது. ஏழு பேருக்கு நான்கு தடுப்பா, இவ்வளவு பிளவா என்று கேட்டார். பின்னால் நின்ற ஐந்து துணை இயக்குநர்களும் ஆளுக்கொரு பக்கம் வருத்தப்பட்டார்கள். நான் காரணம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாங்க வீட்டுல அண்ணன் தம்பி நாலு பேரு. ஒரே தட்டுல சாப்பிட்டு, ஒரே பாயில படுத்து வளந்தவங்க. இன்னைக்கு நாலு பேருக்கும் கோர்ட்டுல கேஸ் நடக்குது, அது வேற விஷயம். ஆனா அந்த ஒத்துமை இருக்கே, அது இந்த ஜீவன்களுக்கும் கிடைக்கணும்."

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. பொருள்: ஆண் கினிப்பன்றிகளிடையே ஒற்றுமையை ஏற்படுத்துதல். ஏழு உறுப்பினர்களும் ஒரே தடுப்பில், ஒரே வீட்டில், ஒரே கிண்ணத்தில் பராமரிக்கப்பட வேண்டும். ஒற்றுமைக்குப் பொருந்தாத உறுப்பினர்கள் இனங்காணப்பட்டு, அருகிலுள்ள கூடத்தின் தேவைக்கு அனுப்பி வைக்கப்படுவர்.

அருகிலுள்ள கூடம் என்றால் பாம்புக் கூடம். தேவை என்றால் சாப்பாடு.

பாம்புக் கூடத்துப் பராமரிப்பாளரை எல்லோரும் பாம்புக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிடச் சின்னவர், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர். கெட்ட காலம், மலைப்பாம்புக்குச் சோறு போடுகிற வேலை. உத்தரவின் நகல் அவருக்கும் போயிருந்தது. மத்தியானம் வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வந்தால் பிராணிகளின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமாம்.

"அக்கா, நானா கேக்கலக்கா. அவங்களா எழுதிட்டாங்க. நீங்க எப்படியாவது இதுங்கள சண்டை போடாம பாத்துக்கோங்க."

உத்தரவை மீற முடியாது. பெரிய தடுப்பு ஒன்றை வினிகர் போட்டுக் கழுவி, யாருடைய வாடையும் இல்லாமல் செய்தேன். யார் கண்ணிலும் யாரும் படாதபடி நடுநடுவே வைக்கோலைக் குவித்தேன். உடைந்த பூந்தொட்டிகளைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் வழி விட்டு, வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தேன். ஏழையும் ஒன்றாக விட்டேன். முறைத்துக்கொண்டன, சுற்றி வந்தன, கண்டக்டர் ஒருமுறை பல்லைக் காட்டியது, அப்புறம் ஆளுக்கொரு தொட்டிக்குள் புகுந்துகொண்டன. நான்கு நாள் ஓடியது.

ஐந்தாம் நாள் கண்காணிப்புப் பிரிவின் துணை இயக்குநர் அளவு நாடாவோடு வந்தார். வைக்கோலை விலக்கினார். பூந்தொட்டிகள் அம்பலமாயின. எட்டுத் தொட்டிகளையும் அங்கீகாரமற்ற குடியிருப்புகள் என்று எழுதி, அங்கேயே அப்புறப்படுத்தினார். ஒரே வீட்டை நடுவில் வைத்தார், ஒரே வாசலோடு. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே மோட்டார் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அன்று முழுக்க நான் பலகையும் கையுமாக நின்றேன்.

மறுநாள் உட்கார்ந்து நான்கு வரியில் ஒரு குறிப்பு எழுதினேன். ஆளுக்கொரு வீடு, உபரி ஒன்று. ஆளுக்கொரு கிண்ணம், உபரி ஒன்று. வீட்டுக்கு இரண்டு வாசல். இடம் தாராளம். அது ஆறு மேசைகளைச் சுற்றிவிட்டு நாற்பத்திரண்டு பக்கமாகத் திரும்பி வந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், என் நான்கு வரியை மட்டும் காணோம். நாற்பத்திரண்டாம் பக்கத்தில், இந்தப் பிரச்சினையை ஆராய இயக்குநர்கள் அறுவர் அடங்கிய குழு அமைக்கப்படுகிறது என்று இருந்தது.

குழுவின் முதல் மூன்று கூட்டங்கள் குழுவுக்குப் பெயர் வைப்பதில் கழிந்தன. பெயரில் யாருடைய பிரிவு முதலில் வரவேண்டும் என்பதில் ஒருவர் இன்னொருவரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டதாக, டீ கொண்டுபோன அம்மாள் வந்து சொன்னாள். நாலாவது கூட்டத்தில் நிர்வாகப் பிரிவின் துணை இயக்குநர் நோயைக் கண்டுபிடித்தார். பிராணிகளிடையே மூத்தோர் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாத இடத்தில் மரியாதை இருக்காது, மரியாதை இல்லாத இடத்தில் கடி இருக்கும்.

என்னிடம் பணியில் சேர்ந்த தேதி கேட்டார். ஏழும் ஒரே நாள் ஒரே பெட்டியில் வந்தவை என்றேன். பிறந்த தேதி கேட்டார். பெரியவர் மூத்தவர், பொடியன் இளையவன், நடுவில் இருப்பதெல்லாம் தெரியாது என்றேன். உத்தேசமாக எதுவும் எழுத முடியாது என்று சொல்லி, அகர வரிசையில் பட்டியல் போட்டார். கண்டக்டர் முதலிடம். பெரியவர் நான்காவது. ஒவ்வொன்றின் கழுத்திலும் வரிசை எண் எழுதிய அட்டை கட்டும்படி சொன்னார். கட்டினேன். கால் மணி நேரத்தில் கண்டக்டரின் அட்டையை மாப்பிள்ளை என்கிற பிராணி தின்றது, மாப்பிள்ளையின் அட்டையை வக்கீல் தின்றது. மூத்தோர் பட்டியலை உறுப்பினர்கள் உட்கொண்டுவிட்டனர் என்று அறிக்கை எழுதிக் கொடுத்தேன். அதன் மேல், இனி இரண்டு நகல் எடுக்கவும் என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

அடுத்து பயிற்சிப் பிரிவு. அதன் துணை இயக்குநர் ஒலிபெருக்கியோடு வந்து, தடுப்பின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குழு மனப்பான்மை பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கேட்க ஏழு பிராணிகளும் நானும். அவை வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் இங்க வந்து பதினாறு வருஷம் ஆச்சு. இந்தப் பதினாறு வருஷத்துல என்கூட வேலை பாக்கற ஒரு அதிகாரியோடகூட நான் சண்டை போட்டதில்ல. ஏன்னா யாரோடயும் நான் பேசறதே இல்ல. ஒரே கட்டடத்துல இருக்கோம், வர்ற வழி வேற, போற வழி வேற. இந்தப் பக்குவம் உங்களுக்கும் வரணும்."

என் மூன்றாவது வரியை அந்த மனிதர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார், தான் சொன்னது அவருக்கே தெரியாது. முடிவில் ஏழுக்கும் சான்றிதழ் கொடுத்தார். அவற்றையும் உறுப்பினர்கள் உட்கொண்டுவிட்டனர்.

இவ்வளவோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். பலகையை எடுத்துக்கொண்டு பகல் முழுக்க நிற்பது எனக்குப் பழகியிருந்தது. ஆனால் திட்டப் பிரிவுக்காரருக்கு யானைக் கொட்டடியில் உட்கார்ந்ததாலோ என்னவோ பெரிய யோசனையாகத்தான் வரும். ஏழு உறுப்பினர்களில் ஒரு பெண்கூட இல்லை, தாய்மையின் கனிவு இல்லாததால்தான் இந்தக் கொந்தளிப்பு என்று எழுதி, பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெட்டைக் கினிப்பன்றியை வரவழைத்தார். பதவியின் பெயர் அமைதி உறுப்பினர்.

நான் குறுக்கே நின்று கெஞ்சினேன். பெட்டையின் வாடை பட்டாலே போதும் சார், கூடப் பிறந்ததுகூட கடிச்சிக்கும் சார் என்றேன். என் பார்வை பிற்போக்கானது என்று சொன்னார். சொல்லிவிட்டு அவர் கையாலேயே அதை உள்ளே விட்டார்.

அமைதி உறுப்பினர் உள்ளே இருந்தது மொத்தம் பதினோரு நிமிடம். ஏழும் ஒரே பந்தாக உருண்டன. நான் பலகையைச் சொருகிச் சொருகிப் பிரித்தேன். கடைசியில் பெட்டையைத் தூக்கி வெளியே எடுத்தபோது, வைக்கோலில் ரத்தம் கிடந்தது. பெரியவரின் வலது காது கிழிந்து தொங்கியது. கடித்தது யார் என்று பார்த்தேன். பொடியன். வாயில் ரத்தத்தோடு ஓரமாக நின்று, எப்போதும் பெரியவரைக் கூப்பிடுகிற அதே சத்தத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. மங்கல் கண்ணோடு பெரியவர் அந்தச் சத்தத்தை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார், பிறகு பயந்து பின்வாங்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதிகாரி முன்னால் அழக் கூடாது என்றுகூடத் தோன்றவில்லை.

பெட்டையை அன்றே பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். எழுபது நாள் கழித்து, ஒன்று கொடுத்தோம், நாலாகப் பெருகியது என்று பள்ளிக்கூடத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்தது தனிக்கதை. திட்டப் பிரிவுக்காரர் அதைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

பெரியவர்மேல் காயமுற்றது, பொருந்தாதது என்று எழுதினார்கள். பொடியன்மேல் காயப்படுத்தியது, பொருந்தாதது என்று எழுதினார்கள். மீதி ஐந்தும் பரிசீலனையில். திங்கட்கிழமை குழு நேரில் வந்து என் கூடத்திலேயே கூடி முடிவு சொல்லும். பார்வையிட, துறையின் செயலாளரும் வருகிறார். செயலாளர் ஒரு பெண்மணி. ஆறு இயக்குநர்களின் பதவி உயர்வும் அந்த அம்மாவின் பேனா முனையில் இருந்தது.

கூட்டத்துக்கு ஏற்பாடு செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஒற்றுமைக் கொள்கையைப் பூங்கா முழுவதும் எல்லா நிலைகளிலும் கடைப்பிடிக்க வேண்டும் என்று அப்போது ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அதை நான் எழுத்து பிசகாமல் கடைப்பிடித்தேன். ஒரு சின்ன மேசை. கைவைத்த நாற்காலி ஒன்று, மீதிக்கு ஒரு பெஞ்சு. ஒரே தட்டில் ஐந்து கேக் துண்டுகள். இரண்டு கதவில் ஒன்றைப் பூட்டிவிட்டேன். செயலாளர் அம்மாவுக்கு மட்டும் தள்ளி, சுவரோரம், எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு நாற்காலி போட்டேன்.

அம்மா முதலில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், களைத்த முகம். தடுப்புகளைப் பார்த்தார். இப்போது பெரியவரும் பொடியனும் தனித்தனியாக, நடுவில் கம்பி வலை. காது கிழிந்ததன் பெயர் என்ன என்று கேட்டார், சொன்னேன். பெரியவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பிறகு ஆறு பேரும் வந்தார்கள். பெஞ்சு யாருக்கு என்பதில் தகராறு இல்லை, யாருக்கும் வேண்டாம். நாற்காலியைச் சுற்றி நடந்தார்கள். மெல்ல, இடுப்பை ஆட்டி ஆட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டே நடந்தார்கள். முதல் அறிகுறி என்று என் மனது சொன்னது. தலைமை இயக்குநர் நாற்காலியின் ஒரு கைப்பிடியைப் பிடித்தார், நிர்வாகம் மறு கைப்பிடியைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பல் தெரியச் சிரித்தார்கள். இரண்டாவது அறிகுறி.

அம்மாவின் பார்வையில் படுகிற பக்கமாக உட்கார ஐந்து பேர் முட்டிக்கொண்டார்கள். கேக் தட்டு நகர்ந்தது. நலப் பிரிவுக்காரர் இரண்டு துண்டு எடுத்தார். பெட்டையைக் கொண்டுவந்தது யார் யோசனை என்று கண்காணிப்பு கேட்டது. பூந்தொட்டியை எடுத்தது யார் என்று திட்டம் கேட்டது. பதினாறு வருடமாகப் பேசாத பயிற்சி பேசத் தொடங்கி, பதினாறு வருடத்துக்கும் சேர்த்துப் பேசினார். பல் கடிபடும் சத்தம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. தடுப்புக்குள் ஏழும் தின்பதை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தன. அன்று ஏழில் ஒன்றுகூடப் பல்லைக் காட்டவில்லை.

திட்டம் எழுந்து வெளியே போகப் பார்த்தார். ஒரு கதவு பூட்டியிருந்தது, இன்னொன்றில் கண்காணிப்பு நின்றார். மாட்டிக்கொண்டவர் கோப்பை ஓங்கினார். கண்காணிப்பின் மூக்கில் பட்டு, ஒரு சொட்டு ரத்தம் மேசையில் விழுந்தது.

நான் யோசித்துச் செய்யவில்லை. பதினோரு வருடப் பழக்கம். கையிலிருந்த பலகையை இரண்டு துணை இயக்குநர்களுக்கும் நடுவில் சொருகிவிட்டேன்.

இரண்டு பேரும் பலகைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். கண்டக்டர் ஒரு நீள விசில் அடித்தது. என் வேலை போயிற்று என்று நினைத்தேன். செயலாளர் அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்தார்.

"இதுங்க சண்டை போடாம இருக்க என்ன செய்யணும்னு யாராவது எழுதியிருக்காங்களா?"

"நான் எழுதினேங்கம்மா. நாலு வரி."

"எங்கே அது?"

"நாப்பத்திரண்டு பக்கம் ஆயிடுச்சுங்கம்மா. அதுல காணோம்."

அதை இப்போதே மறுபடி எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். ஆறு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"அந்த ஏழையும் எப்படியாவது நீங்க பாத்துக்கோங்க. இந்த ஆறை நான் பாத்துக்கணும்."

இருபது நாளில் அரசு உத்தரவு வந்தது. படித்தேன். நாற்பத்திரண்டு பக்கத்தில் காணாமல் போன என் நான்கு வரியும் அதில் அச்சு அசலாக இருந்தது. பிராணிகள் என்ற இடத்தில் அதிகாரிகள் என்று மாற்றியிருந்தார்கள். அதிகாரி ஒருவருக்கு ஓர் அறை, உபரியாக ஓர் அறை. ஒருவருக்கு ஒரு மேசை, உபரியாக ஒன்று. ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வாசல். இடம் தாராளம். உபரி அறை எக்காரணம் கொண்டும் எவருக்கும் ஒதுக்கப்படலாகாது. அது எப்போதும் தயார் நிலையில் வைக்கப்பட வேண்டும். செயலாளரின் கையெழுத்து.

ஆறு பேருக்கும் பரம சந்தோஷம். இடம் தாராளமாக வேண்டுமே, எங்கே கட்டுவது என்று கேள்வி வந்தபோது, ஆறு பேரும் வாழ்க்கையில் முதன்முறையாக ஒற்றுமையாக ஒரு முடிவெடுத்தார்கள். சிறுவிலங்குக் கூடத்தை இடித்துவிடலாம். உள்ளே இருக்கிற ஏழையும் அருகிலுள்ள கூடத்தின் தேவைக்கு அனுப்பிவிடலாம்.

தலைமை இயக்குநரின் அறைக்குப் போய் நின்றேன். எந்த நான்கு வரியால் உங்களுக்கு அறை கிடைத்ததோ, அது இந்த ஏழுக்காக எழுதியது சார் என்றேன். அவர் புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் தன் அறையை விரலால் அளந்துகொண்டிருந்தார்.

"நல்ல குறிப்புதான்மா அது. யாரு இல்லேன்னா? ஆனா அதுங்க சண்டை போடுதே, அது வேற விஷயம்."

ஏழையும் இரண்டு கூடையில் வைத்து, ஒப்படைப்புப் படிவத்தோடு பாம்புக் கூடத்துக்கு நடந்தேன். பெரியவர் ஒரு கூடையில், பொடியன் இன்னொன்றில். பொடியன் வழியெல்லாம் சத்தம் கொடுத்தது. இவ்வளவு வருடம் வளர்த்து, கடைசியில் என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுப்பதா என்று நினைத்தேன். பாம்புக்காரர் படிவத்தை வாங்கினார். மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார்.

"அக்கா, இதுல என் கையெழுத்துதான் கேக்கறாங்க. பாம்போட கையெழுத்து கேக்கல."

ஏழு உருப்படி பெறப்பட்டது, பயன்படுத்தப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். கூடைகளைத் தொடவே இல்லை. கோப்பில் செத்துப்போன பிராணியை எந்த அதிகாரியும் தேட முடியாது. ஏனென்றால் தேடினால் இன்னொரு கோப்பு திறக்க வேண்டும்.

கட்டடம் எழும்பும்வரை ஏழும் என் வீட்டில், மாமனார், கணவர், கொழுந்தனோடு சேர்த்து மொத்தம் பத்து ஆண்கள். நாலாவது நாற்காலிக்கு அடியில் பெரியவர் குடியிருந்தார். ஒரு சண்டை கிடையாது. மாமனார் கேரட்டைத் தானே நறுக்கிப் போட்டார்.

புதுக் கட்டடத்தில் ஏழு அறைகள். ஆறில் ஆறு பேர் புகுந்துகொண்டார்கள். ஆளுக்கு இரண்டு வாசல், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கத் தேவையில்லை, அமைதியோ அமைதி. ஏழாவது அறையைத் தயார் நிலையில் வைக்க ஓர் ஆள் வேண்டும். கூடம் இடிந்துபோய் வேலையில்லாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

இப்போது அந்த அறையில் எட்டுக் கிண்ணங்கள், எட்டு மரவீடுகள், தாராளமான இடம். இரண்டிரண்டாகத் தடுத்திருக்கிறேன். பெரியவரையும் பொடியனையும் சேர்த்து விட முடியாது, ரத்தம் பார்த்தாயிற்று. ஆனால் நடுவில் இருக்கிற கம்பி வலையின் இரு பக்கமும் முதுகை ஒட்டிக்கொண்டுதான் தூங்குகிறார்கள். கண்டக்டர் விசிலடிப்பது வெளியே கேட்கும். உள்ளே இருக்கும் அதிகாரிக்கு ரத்தக் கொதிப்பு, பாட்டு வைத்தியம் செய்துகொண்டிருக்கிறார் என்று ஒருவர் சொல்ல, மூச்சுப் பயிற்சி என்று இன்னொருவர் திருத்தினாராம்.

உள்ளே ஓர் அதிகாரி இருப்பதாக ஆறு பேரும் நம்பினார்கள். உபரி அறை என்று உத்தரவு சொன்னாலும், காலியாக ஓர் அறை இருக்கும் என்பதை எந்த இயக்குநராலும் நம்ப முடியாது. செயலாளருக்கு வேண்டிய யாரோ ரகசியமாக நியமிக்கப்பட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். யாரும் கதவைத் தட்டத் துணியவில்லை. தங்களால் முடிவெடுக்க முடியாத கோப்புகளை மட்டும், தங்கள் கருத்துக்காக என்று எழுதிக் கதவிடுக்கு வழியாகத் தள்ளினார்கள். காலையில் தள்ளியது மாலையில் இருக்காது. வக்கீலுக்குப் பழுப்புக் காகிதம் பிடிக்கும், மாப்பிள்ளைக்கு ஓரத்து நாடா பிடிக்கும்.

வருடக் கடைசியில் தேங்கிய கோப்புகளைக் கணக்கெடுத்தார்கள். ஆறு அறைகளிலும் ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஏழாவது அறையில் ஒன்றுகூட இல்லை. எடுத்த கோப்பை ஒரே நாளில் முடிக்கும் அந்த அறையை முன்மாதிரியாகக் கொள்ளும்படி, செயலாளரிடமிருந்து ஏழாவது அறைக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதன் நகல் மற்ற ஆறு பேருக்கும் போயிற்று. அன்று முழுக்க வராந்தாவில் பல் கடிபடும் சத்தம்.

கடிதத்தை உள்ளே எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அச்சடித்த வரிகளுக்கும் கையெழுத்துக்கும் கீழே, பேனாவால் சின்னதாக ஒரு வரி எழுதியிருந்தது.

பெரியவரின் காது ஆறிவிட்டதா?

ஆறிவிட்டது என்று பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் பொடியன் வலை வழியாகக் கடிதத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துவிட்டான். போகட்டும் என்று விட்டேன். பெரியவரின் பெயர் இருந்த அந்தக் கடைசி வரியை மட்டும் கிழித்து, மூத்தவர் அல்லவா, அவர் கிண்ணத்தில் போட்டேன்.